கட்டம் போட்ட பாவாடையும் கறுப்புக் கம்பளியும்



சென்ற ஓகஸ்ட் விடுமுறையில் என் அக்காவின் மகன் கொழும்பிலிருந்து தெல்தோட்டைக்கு வந்திருந்தான். அவன் பெட்டியிலிருந்து வெளிவந்தவை பாடப்புத்தகங்கள் அல்ல. பன்னிரண்டு உலோகச் சிப்பாய்கள். ஒவ்வொன்றும் 28 மில்லிமீற்றர் உயரம். பழைய போர்களை மேசையிலே நடத்திப் பார்க்கும் விளையாட்டுக்கு உரியவை. சாயமில்லாமலே விற்பார்கள், சாயம் பூசுவதிலேதான் பாதி இன்பமாம்.

"மாமா, இவங்க 1815இல கண்டியைப் பிடிச்ச 73ஆவது படையணி. ஸ்கொட்லாந்துக்காரர். பாவாடையில கட்டம் போடத்தான் வருதில்ல" என்றான்.

"அவர்களுக்குக் கட்டமே போடக்கூடாது, தம்பி" என்றேன்.

அந்தக் கட்டத் துணியின் பெயர் டார்ட்டன். மலைநாட்டு ஸ்கொட்லாந்து மக்களின் கம்பளி உடை அது. 1746இல் கலொடன் போரிலே அவர்கள் தோற்றதும் பிரித்தானிய அரசு அவ்வுடையைச் சட்டம் போட்டுத் தடுத்தது. 1782 வரை தடை நீங்கவில்லை. ஆனால் அரசனின் படையிலே சேர்ந்தவன் மட்டும் அதை உடுத்தலாம். தோற்றவனின் உடையை வென்றவனின் சீருடையாக்கிய தந்திரத்தை என்னென்பது! 1809இல், ஆள் சேர்ப்பதற்கு அந்த உடை தடையாயிருக்கிறதென்று சில படையணிகளிடமிருந்து அதையும் பறித்தார்கள். 73ஆவது அவற்றில் ஒன்று. ஆகவே கண்டிக்கு வந்தவர்கள் காற்சட்டைக்காரர்கள்.

பையனின் முகம் சுருங்கிவிட்டது. பொம்மைகளோ பாவாடையோடு வார்க்கப்பட்டவை. 78ஆவது படையணி நினைவுக்கு வந்தது. 1826 முதல் 1837 வரை இலங்கையில் இருந்தது, கட்டத்தையும் இழக்கவில்லை. தொப்பியும் கோட்டும் முந்திய காலத்தவைதாம். அதை நாங்கள் இருவரும் கண்டுகொள்ளவில்லை.

அவன் செய்த பிழை, கட்டத்தைக் கோடுகளாக நினைத்தது. கொடியிலே காய்ந்த என் சாரத்தை எடுத்து விரித்தேன். பளையகாட் என்று நம் கடைகளிலே விற்கிறார்களே, அந்தப் பழவேற்காட்டுச் சாரம். சிவப்பும் வெள்ளையும் குறுக்கிடும் இடத்தைப் பார்க்கச் சொன்னேன். அங்கே இருப்பது சிவப்புமல்ல, வெள்ளையுமல்ல. பாவும் ஊடும் கலந்த இளஞ்சிவப்பு. அதைக் கண்டபின் தூரிகை தானாகத் தெளிந்தது. சிப்பாயை ஒரு போத்தல் மூடியில் ஒட்டினான். முழங்கைகளை மேசையில் ஊன்றினான். முதலில் முழுவதும் கருநீலம். அதன்மேல் பால்போலக் கரைத்த பச்சையில் அகலப் பட்டைகள், நெடுக்கும் குறுக்குமாக. இரண்டு பச்சைகள் சந்திக்கும் சதுரத்தில் மட்டும் ஒரு சொட்டு இளம்பச்சை. பட்டையின் ஓரங்களில் கறுப்பு. கடைசியிலே பச்சையின் நடுவில் மயிரிழை வெள்ளை, நீலத்தின் நடுவில் சிவப்பு. பாவாடையின் பின்புறம் கொசுவம். கோடு மடிப்போடு ஏறி இறங்கவேண்டும். நேராக இழுத்தால் துணி தகரமாகிவிடும். உண்மைத் துணியிலுள்ள இழைகளில் பத்தில் ஒன்றைக்கூட அவன் தீட்டவில்லை. கைநீட்டும் தூரத்தில் வைத்துப் பார்த்தால் எல்லாமே இருந்தன.

எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த என் தாயார் கேட்டார்: "இத்தனை துரைமாருக்குச் சட்டை போட்டீங்களே, சாமான் தூக்கினவன் எங்க?"

எங்கள் வாய் அடைத்துவிட்டது. பக்கத்து லூல்கந்துரத் தோட்டத்திலே 1867இல் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெயிலரும் ஸ்கொட்லாந்துக்காரர்தாம். அவர் பெயரை எந்தப் பிள்ளையும் சொல்லும். காட்டை வெட்டியவர்களும் மலைக்குளிருக்குக் கம்பளி போர்த்தவர்கள்தாம். அந்தக் கம்பளியின் விலையையும் கூலியிலே பிடித்துக்கொண்டார்கள். அவர்களை யாரும் உலோகத்தில் வார்த்து விற்பதாக நான் அறியேன்.

மறுநாள் காலை பையன் ஒரு சிப்பாயின் துப்பாக்கியை அறுத்துவிட்டு, களிமண்போன்ற ஏதோ பசையைத் தலையிலிருந்து முழங்கால்வரை போர்த்திக்கொண்டிருந்தான்.

"ஆச்சி, கம்பளிக்கு என்ன நிறம்?"

"கறுப்பு."

அவன் கறுப்பைத் தொட்டான். தாயார் குனிந்து பார்த்தார்.

"இது கடைக் கறுப்பு. நாலு மழை பட்டா இப்பிடி இருக்காது."

அவன் மண்ணிறத்தை எடுத்துக் கலக்கத் தொடங்கினான்.