குறையாத எடை



மாசி மகத்தன்று மாமல்லபுரத்துக் கடற்கரை இருளர் குடும்பங்களால் நிறைந்திருக்கும். சென்ற மாசியில் அக்கூட்டத்தினிடையே என் பழைய மாணவன் ஒருவனைக் கண்டேன். செங்கற்பட்டில் அரிசி மண்டி வைத்திருப்பவன். பருத்த உடலைக் குறைக்க வேண்டி ஒன்றரை ஆண்டுக்கு முன் இரைப்பையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவன். அவன் கையில் கரும்புச் சாறு இருந்தது. "அறுத்துக்கொண்டும் உன் நாக்கு அடங்கவில்லையா?" என்று கேட்டுவிட்டேன். வகுப்பறைப் பழக்கம் எளிதில் போவதில்லை. அவன் சாற்றைக் கீழே வைத்துவிட்டு, "இல்லை ஐயா" என்று மட்டும் சொன்னான்.

பலரும் இதையே கேட்டதால் வெட்கமுற்று, மருத்துவரிடம் போவதையே அவன் நிறுத்திவிட்டான் என்பதைப் பின்னர்தான் அறிந்தேன்.

அவனுக்குச் செய்த சிகிச்சையில் இரைப்பையின் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கை அகற்றிவிடுகிறார்கள். எஞ்சுவது வாழைப்பழ வடிவிலான ஒரு குழல். பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் சுரப்பு பெரும்பாலும் அகற்றிய பகுதியிலேயே ஊறுவதால் பசியும் தணிகிறது. ஆயினும் உடல் தன் பழைய எடையை எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை. எடை குறையக் குறையத் தான் செலவிடும் சக்தியையும் அது சுருக்கிக்கொள்ளும். நாளடைவில் குழல் அகன்றுவிடலாம். தைராய்டுக் குறைவும், மனநோய்க்குத் தரும் சில மருந்துகளும் எடையை இறங்கவொட்டாமல் தடுக்கலாம். கரும்புச் சாற்றுக்கும் பங்குண்டு என்பதை மறுக்க மாட்டேன். சோற்றைத் தடுக்கும் குறுகிய குழல் இனிப்புத் திரவத்தைத் தடுப்பதில்லை. மண்டியில் நாள்தோறும் எட்டுத் தேநீர் குடித்திருக்கிறான்.

கணக்கு ஆசிரியனாகையால் கணக்கிட்டுப் பார்த்தேன். அவன் உயரம் 165 சென்டிமீட்டர். பழைய எடை 130 கிலோ. அவ்வுயரத்துக்கு 68 கிலோ போதுமென்றால் மிகை 62. அதில் பாதியாவது குறைய வேண்டும் என்பது மருத்துவர்கள் பொதுவாகக் கொள்ளும் அளவு. அவன் இழந்ததோ 22. ஆனால் இருவேளை போட்டுவந்த இன்சுலின் நின்றுவிட்டது. அதை உறவினர் எவரும் கணக்கில் சேர்க்கவில்லை, நானும் சேர்க்கவில்லை.

இத்துறையில் மறுசிகிச்சை புதிதன்று. 1950களில் அமெரிக்காவில் தொடங்கிய முறை ஒன்றில் சிறுகுடலின் பெரும்பகுதியை விலக்கி இணைத்தார்கள். அது பலருடைய கல்லீரலைக் கெடுத்தது. பழையபடியே திருப்பி இணைக்க நேர்ந்தோரும் பலர். 1966இல் அயோவா பல்கலைக்கழகத்தின் எட்வர்டு மேசன் இரைப்பை மாற்றுவழிச் சிகிச்சையைத் தொடங்கினார். அதன் திருந்திய வடிவமே இன்று மறுசிகிச்சையாகவும் பயன்படுகிறது.

சித்திரையில் நானே அவனை மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். பேரியம் கரைசலைக் குடிக்கச் செய்து படம் எடுத்தார்கள். குழலின் மேற்பகுதி புடைத்திருந்தது. இரவில் நெஞ்செரிச்சலால் உறங்காமல் உட்கார்ந்திருப்பதை அவன் அன்றுதான் வாய்விட்டுச் சொன்னான். மாற்றுவழிச் சிகிச்சை அதையும் தணிக்கக்கூடும் என்றார் மருத்துவர். ஆனால் பழைய தழும்புகளினூடே மீண்டும் அறுப்பதால் முதன்முறையைவிட ஆபத்து மிகுதி; தையலில் கசிவு ஏற்படலாம். இரும்பு, சுண்ணாம்புச் சத்து, பி12 ஆகியவற்றை ஆயுள் முழுதும் உட்கொள்ள வேண்டும். எடை குறைக்கும் ஊசிமருந்தைப் பற்றியும் சொல்லி, முதலில் மூன்று மாதம் உணவைத் திருத்தி வரப் பணித்தார்.

4 கிலோ குறைந்தது. நெஞ்செரிச்சல் குறையவில்லை. மறு அறுவைக்கு அவன் இசைந்துவிட்டான். தை பிறந்ததும் நாள் குறித்திருக்கிறார்கள். அன்று வெளியே வந்து உட்கார்ந்திருக்க முடியுமா என்று கேட்டான். முதல் பேருந்திலேயே வந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறேன்.