கோணல் எங்கே?



தாயகம் விட்டு வெளி மாநிலங்களில் குடியேறிய நம்மவருள் கைத்தொழிலை நம்பி வாழ்வோர் பலர். உளியும் இழைப்புளியும் பிடித்த கைகள் இன்று மின்கருவிகளையும் பழகிக் கொண்டுவிட்டன. மின்கம்பி இன்றி, பாட்டரியின் விசையால் ஓடும் மேசை ரம்பம் அவற்றுள் ஒன்று. கட்டி முடியாத வீட்டிலும், மின்சாரம் வராத மாடியிலும் அது வேலை செய்கிறது. ஆயினும் சில நாள்களில் அது எவ்வளவு திருத்தினாலும் அளவுக்கு வர மறுக்கிறது. அவ்வேளையில் செய்யத் தக்கது யாது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

எங்கள் அனுபவம் ஒன்றை முதலில் கூறுவோம். தில்லியில் கீர்த்தி நகர் மரச்சாமான் சந்தைக்கு அருகே எங்கள் சிறு பட்டறை இருக்கிறது. ஒரு குளிர்கால வாரத்தில் ஒரு வீட்டுக்கு அலமாரி செய்து தர ஒப்புக்கொண்டு முன்பணமும் பெற்றிருந்தோம். அறுத்த பலகைகளைப் பூட்டிப் பார்த்தால் மூலைகள் சேரவில்லை. ரம்பத்தின் அலகு மேசைக்குச் செங்குத்தாக நிற்கவில்லை என்று கருதித் திருகாணிகளைத் தளர்த்தினோம், மூலைமட்டம் வைத்துச் சரி செய்தோம், மீண்டும் அறுத்தோம், மீண்டும் கோணல். இரண்டு ஒட்டுப்பலகைகள் வீணாயின. முந்திய நாள் ரம்பத்தைத் துடைத்து வைத்த இளைஞன்மேல் எங்கள் சினம் பாய்ந்தது. ‘எதையோ தட்டிவிட்டாய்’ என்றோம். அவன் தலை குனிந்து நின்றான்.

இத்தகைய வேளையில் மனம் போனபடி திருகுதல் கூடாது. ஒழுங்கான முறை ஒன்று உண்டு.

முதற்படி, பாட்டரியைக் கழற்றித் தனியே வைத்தல். கம்பியுள்ள இயந்திரத்தில் தொங்கும் கம்பியே நம்மை எச்சரிக்கும். இதிலோ அத்தகைய அடையாளம் ஏதும் இல்லை. விசை இருப்பதை மறந்து அலகின்மேல் கை வைத்தால் விரல் போய்விடும். ஆகவே இதில் சோம்பல் ஆகாது.

இரண்டாவது, தூய்மை. மரத்தூள் மென்மையானதுதான், ஆனால் இடுக்கில் புகுந்து இறுகினால் கல்லைப் போல் ஆகிவிடும். அலகு சாய்வதற்கு எல்லையாக அமைந்த நிறுத்துத் திருகின் முனையிலும், அலகைப் பற்றும் வட்டத் தகடுகளுக்கு இடையிலும், தடுப்புச் சட்டம் ஓடும் தண்டவாளத்திலும் அது தங்கும். நிறுத்தத்தில் ஒரு துகள் இருந்தாலும் 90 பாகை 90 ஆக இராது. தூரிகையால் துடைத்த பின்னரே அளவெடுக்க வேண்டும். அலகில் பிசின் படிந்திருப்பின் அதனையும் அகற்றுக. அலகு வளைந்திருப்பின் மாற்றுக.

மூன்றாவது, அலகு மேசைப் பள்ளத்துக்கு இணையாக உள்ளதா என்று காணுதல். ஒரே பல்லில் குறியிடுக. அப்பல்லை முன்பக்கம் கொணர்ந்து பள்ளத்திலிருந்து அதன் தொலைவை அளக்கவும். பின்னர் அலகைச் சுழற்றி அதே பல்லைப் பின்பக்கம் கொண்டு சென்று மறுபடி அளக்கவும். இரண்டு அளவும் ஒன்றாயிருத்தல் வேண்டும். வெவ்வேறு பற்களை அளந்தால் பல்லின் கோணலையே அலகின் கோணலாக மயங்குவோம். வேறுபாடு இருப்பின், இயந்திரத்துடன் வந்த கையேடு காட்டும் திருகாணிகளைச் சிறிதே தளர்த்தித் திருத்துக. அதன் பின்னரே தடுப்புச் சட்டத்தை அதே பள்ளத்துக்கு இணையாக்க வேண்டும். சட்டத்தின் பின்முனை அலகை நோக்கி நெருங்கியிருத்தல் ஒருபோதும் ஆகாது. அவ்வாறாயின் மரம் அலகுக்கும் சட்டத்துக்கும் இடையே நெரிபட்டு, அறுப்பவரை நோக்கி அம்பெனப் பாயும். அலகுக்குப் பின்னே நிற்கும் பிளவுத் தகடு இதனைத் தடுக்கவே வைக்கப்பட்டது. இடைஞ்சல் என்று எண்ணி அதனைக் கழற்றி எறிவோர் தம் கையையே பணயம் வைக்கிறார்கள்.

நான்காவது, செங்குத்து. இதற்கு இன்று எண்களைக் காட்டும் சிறு கோணமானிகள் உள்ளன. அவற்றை முதலில் மேசையின்மேல் வைத்துச் சுழியாக்கிய பின்னரே அலகில் ஒட்ட வேண்டும். தரையில் வைத்துச் சுழியாக்கினால், மேசை சாய்ந்து நிற்கும் அளவெல்லாம் பிழையாக வந்து சேரும்.

ஐந்தாவது, பாட்டரி. 18 வோல்ட் பாட்டரி என்பது 3.6 வோல்ட் கொண்ட 5 லித்தியம் கலங்களின் தொடர். கடுங்குளிரில் இக்கலங்கள் தளர்வுறும். தில்லிக் குளிரில் இரவெல்லாம் பட்டறையில் கிடந்த பாட்டரி காலையில் முழு விசை தராது. விசை குறைந்தால் அலகு திணறும். நாம் மரத்தை அழுத்தித் தள்ளுவோம். மெல்லிய அலகு வளைந்து வெட்டு விலகும். அது அமைப்பின் குற்றமன்று. பாட்டரியை வீட்டுக்குள் வைத்துப் பேணுக. சிம்லா போன்ற மலையூர்களில் வாழ்வோர், உறைநிலைக்குக் கீழே குளிர்ந்த பாட்டரியில் மின்னேற்றுதல் அதனைக் கெடுக்கும் என்பதையும் நினைவில் கொள்க.

இவை அனைத்தும் செய்தோம், நேயர்களே. ஆயினும் கோணல் நீங்கவில்லை. இறுதியில் அந்த இளைஞனே மெல்லக் கேட்டான்: “ஐயா, அந்த மட்டத்தையே ஒருமுறை பார்க்கலாமா?”

மூலைமட்டத்தை இங்குள்ள தச்சர்கள் குனியா என்பர். அதனைச் சோதிக்க வேறு கருவி வேண்டுவதில்லை. நேரான விளிம்புடைய பலகையில் மட்டத்தைச் சார்த்தி ஒரு கோடு இழுக்க வேண்டும். அதனைப் புரட்டிப் போட்டு, அதே புள்ளியிலிருந்து மற்றொரு கோடு இழுக்க வேண்டும். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தால் மட்டம் நல்லது. விரிந்தால், அந்த விரிவில் பாதியே மட்டத்தின் பிழை. இழுத்துப் பார்த்தோம். கோடுகள் விரிந்தன.

சென்ற வாரம் அந்த மட்டம் மேசையிலிருந்து சிமெண்டுத் தரையில் விழுந்தது. விழச் செய்தவர் யார்? இளைஞன் அல்லன், நாங்களே. எடுத்து, துடைத்து, ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டோம். கோணல் மட்டத்தைக் கொண்டு நேரான ரம்பத்தை அரை நாள் முழுதும் கோணலாக்கியிருக்கிறோம்!

வேறொரு மட்டம் கொண்டு அலகை நிறுத்தினோம். ஒரு துண்டுப் பலகையை அறுத்து, இரு பாதிகளில் ஒன்றைக் குப்புறப் புரட்டி, வெட்டுமுனைகளைச் சமதளத்தில் சேர்த்துப் பார்த்தோம். பிழை இருந்தால் இம்முறையில் இருமடங்காகத் தோன்றும். இடைவெளி இல்லை. வெளிச்சமும் நுழையவில்லை. அலமாரியை ஒரு நாள் தாமதமாக ஒப்படைத்தோம். வீணான பலகைகளின் விலையை நாங்களே ஏற்றோம். இளைஞனிடம், எல்லோர் முன்னிலையிலும், தவறு எங்களுடையது என்று சொன்னோம். அதுவும் அன்றைய வேலையின் ஒரு பகுதியே.

ஆகவே நாம் கூறுவது இதுதான். இயந்திரம் அளவுக்கு வரவில்லையெனில், அளக்கும் கருவியை முதலில் அளந்து பாருங்கள். எங்கள் பட்டறையில் இப்போது திங்கட்கிழமைதோறும் காலையில் மூலைமட்டம் இரு கோடுகளால் சோதிக்கப்படுகிறது. அச்சோதனையைச் செய்பவன் அந்த இளைஞன்தான்.