பித்தக் குழாயில் நாக்குப்பூச்சி



நாக்குப்பூச்சியைக் குழந்தைகளின் சிறு தொல்லை என்றே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். ஓரடி நீளம்வரை வளரும் இப்புழு குடலோடு நின்றுவிடுவதில்லை. பித்தக் குழாய் சிறுகுடலில் வந்து திறக்கும் சிறு வாயிலுள் சில வேளை நுழைந்துவிடுகிறது. அப்போது வலப்பக்க மேல்வயிற்றில் தாங்கொணா வலி எழும். காய்ச்சலும் காமாலையும் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுதல் வேண்டும்.

காஷ்மீரப் பள்ளத்தாக்கில் இந்நோய் மிகுதி. அவ்விடத்து மருத்துவர்கள் 1990ஆம் ஆண்டில் 500 நோயாளிகளைப் பற்றி எழுதினர். பலருக்குப் புழு தானே குடலுக்குத் திரும்பிவிட்டது. திரும்பாது குழாயிலேயே இறந்த புழுவைச் சுற்றிக் கல் திரளக்கூடும். அதனை எடுக்க முன்னாளில் வயிற்றைக் கிழிக்க வேண்டியிருந்தது. இன்றோ, வளையும் உள்நோக்குக் குழாயை வாய் வழியே செலுத்தி, இடுக்கியாலோ சிறு கம்பிக் கூடையாலோ புழுவைப் பற்றி இழுக்கின்றனர். பித்தக் குழாயின் வாயை அகல வெட்டினால் வேலை எளிது. ஆயினும் புழு மிகுந்த ஊர்களில் மருத்துவர் அதற்குத் தயங்குவர். அகன்ற வாயில் அடுத்த புழுவுக்கும் வாயிலன்றோ!

அந்த அடுத்த புழு நம் மண்ணிலிருந்தே வருகிறது. பெண் புழு ஒன்று நாளொன்றுக்கு 2 லட்சம் முட்டைகள் வரை இடும். அவை மலத்தோடு மண்ணில் விழுந்து, ஆண்டுக்கணக்கில் அழியாது கிடந்து, கழுவாத கீரையிலும் கைநகத்திலும் ஏறி வருகின்றன. ஆகவே, கழிப்பிடம் கட்டியதோடு நாம் கணக்கை முடித்துவிடலாகாது. அதில் தண்ணீர் உண்டா, மக்கள் புழங்குகின்றனரா என்று பார்த்தல் வேண்டும். மக்காத மலக்கழிவைத் தோட்டத்திற்கு இடலாகாது. 1 வயது முதல் 19 வயது வரையுள்ளோர்க்குக் குடற்புழு நீக்க மாத்திரை வழங்கும் நாளன்று, பள்ளிக்கு வராத பிள்ளைகளின் வீடுகளுக்கு உறுப்பினர்கள் தாமே சென்று அழைத்து வருவார்களாக.