கேள்வி கேட்கிறவர் யார்?
சமூக மனநலமும் ஆராய்ச்சிப் பயிற்சியும்

(மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கலந்துகொண்ட கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



மனநலம் பற்றிப் பேச வேண்டும் என்று கூப்பிட்டபோது கொஞ்சம் தயங்கினேன். நம்ம மேடைகள்ல இந்தப் பேச்சு அதிகம் வர்றதில்ல. நிலம், கூலி, வன்கொடுமை, இடஒதுக்கீடு எல்லாம் பேசுவோம். மனசைப் பத்திப் பேசினா அது வசதியானவங்க விவகாரம், வயிறு நெறஞ்சவங்களுக்கு வர்ற வியாதின்னு ஒரு நெனப்பு நமக்குள்ளயே இருக்கு. அந்த நெனப்பு தப்புன்னு சொல்லத்தான் வந்திருக்கேன். அதோட இன்னொன்னும் சொல்லணும். மனநல ஆராய்ச்சி என்று நடக்கிற காரியத்தில் நம்ம ஜனங்கள் பதில் சொல்கிற இடத்தில் மட்டுமே உட்கார வைக்கப்பட்டிருக்கிறார்கள். கேள்வியைத் தயாரிக்கிற இடத்துக்கும் நாம் போக வேண்டும். அதற்குப் பயிற்சி வேண்டும். அந்தப் பயிற்சியில் கொஞ்சம் எடுத்தவள் நான். அதில் பட்டதைச் சொல்கிறேன்.

எங்க அண்ணனிலிருந்து ஆரம்பிக்கிறேன். நான் பத்தாவது படிக்கும்போது அவனுக்கு வந்தது. கரும்பு வெட்டப் போன இடத்துல எல்லாரும் தன்னைப் பத்தியே பேசுறாங்கன்னு சொல்லிக்கிட்டு வந்தான். ராத்திரி தூங்க மாட்டான். சுவத்தைப் பாத்துப் பேசுவான். எங்கம்மா மொதல்ல பூசாரிகிட்ட கூட்டிட்டுப் போச்சு, அப்புறம் தர்காவுக்கு. கடைசியா யாரோ சொல்லி மாவட்டத் தலைநகரத்துல இருந்த அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். ரெண்டு பஸ் மாறணும். அவனைத் தனியா அனுப்ப முடியாது. ரெண்டு பேருக்கு பஸ் காசு, ரெண்டு பேர் கூலியும் போச்சு. மாத்திரை இலவசம்தான். ஆனா அந்த இலவச மாத்திரையை வாங்கிவர எங்க வீட்டுல நாலு நாள் சோத்துக் காசு ஆகும். மூணு மாசம் போனோம். அப்புறம் நின்னுபோச்சு. மாத்திரை நின்னதும் வியாதி திரும்ப வந்துச்சு. ஒரு நாள் ஊர்த்தெருப் பக்கம் ஓடிப்போயி கல்லெடுத்துட்டான். யாராவது அடிச்சே கொன்னுடுவாங்கன்னு பயந்து எங்கப்பாதான் சங்கிலி போட்டுக் கட்டினார். சோத்துத் தட்டை நான்தான் கொண்டுபோயி வைப்பேன்.

2001 ஆகஸ்ட் 6. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநோய்க் காப்பகத்தின் கொட்டகை விடியற்காலையில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டிப்போடப்பட்டவர்கள் ஓட முடியாமல் எரிந்தார்கள். 28 பேர் செத்துப்போனார்கள். டீக்கடையில் அந்தச் செய்தியைப் படிக்கக் கேட்ட எங்கப்பா வீட்டுக்கு வந்து ஒண்ணும் பேசாம அண்ணன் கால் சங்கிலியை அவிழ்த்தார்.

நம்ம தோழர்கள் சில பேர் சொல்வார்கள்: பைத்தியம் என்பதே ஆதிக்கம் செய்கிறவன் வைத்த பெயர், ஒடுக்குமுறை ஒழிந்தால் நோயும் ஒழியும் என்று. அவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஃபனானைப் படிக்கச் சொல்வார்கள். படித்தேன். 1953இல் அல்ஜீரியாவின் பிளிடா மருத்துவமனையில் சேர்ந்த ஃபனான், அங்கே நோயாளிகளின் கட்டுகளை அவிழ்த்தார். 1956இல் காலனிய அரசின் கீழ் இனி வைத்தியம் பார்க்க முடியாது என்று ராஜினாமா செய்தார். இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். அவர் அரசியலுக்கு வந்ததால் வைத்தியத்தை விட்டுவிடவில்லை. பிறகு துனிசியாவிலும் மனநோயாளிகளைப் பார்த்தார். எங்க அண்ணனுக்கு விடுதலையும் வேணும், மாத்திரையும் வேணும். மாத்திரை நடந்து போற தூரத்துல வேணும். சமூகம் சார்ந்த மனநலச் சேவை என்று சொல்வதற்கு எங்க வீட்டு அர்த்தம் இவ்வளவுதான்.

இந்த நாட்டுக்கு இது புதுசில்லை. 1970களின் நடுவிலேயே பெங்களூருக்குப் பக்கத்தில் சகலவாராவிலும், ஹரியானாவில் ராய்ப்பூர் ராணியிலும் கிராம சுகாதார ஊழியர்களை வைத்து மனநோய்க்குச் சிகிச்சை தர முடியுமா என்று சோதித்துப் பார்த்தார்கள். முடியும் என்று தெரிந்தது. 1982இல் தேசிய மனநலத் திட்டம் வந்தது. 1980களில் கர்நாடகத்தின் பெல்லாரியில் ஒரு மாவட்டம் முழுக்கச் செய்து பார்த்தார்கள். 1996இல் மாவட்ட மனநலத் திட்டம் நான்கு மாவட்டங்களில் தொடங்கியது. அதில் நம்ம திருச்சியும் ஒன்று. இத்தனைக்கும் பிறகு 2015-16இல் 12 மாநிலங்களில் எடுத்த தேசிய மனநலக் கணக்கெடுப்பு என்ன சொல்லியது? வயது வந்தவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு அப்போது ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருந்தது. அவர்களில், நோயின் வகையைப் பொறுத்து, 70 முதல் 92 சதவீதம் பேருக்குச் சிகிச்சை கிடைக்கவில்லை. எங்க அண்ணன் அந்தப் பெரிய கும்பலில் ஒருத்தன்.

டாக்டர்கள் போதாது. அதனால் வந்ததுதான் வேலையைப் பகிர்ந்து கொடுக்கிற யோசனை. கோவாவில் மருத்துவப் படிப்பு இல்லாத உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, மனச்சோர்வும் பதற்றமும் உள்ளவர்களுக்கு ஆலோசனை சொல்ல வைத்தார்கள். 2010இல் அந்த ஆய்வு முடிவு வந்தது. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த ஏழை ஜனங்களிடம் நல்ல பலன் தெரிந்தது. தனியார் கிளினிக்குகளில் அந்த வித்தியாசம் தெரியவில்லை. 2014இல் தமிழ்நாடு, மகாராஷ்டிரம், கோவா மூன்று இடங்களிலும் மனச்சிதைவு உள்ள 282 பேரை வைத்து வந்த ஆய்வு, ஊழியர்கள் வீடு தேடிப் போய்ப் பார்த்துக்கொண்டால் நோயால் வரும் இயலாமை ஓரளவு குறைகிறது என்றது. முழுக்கக் குணமாகும் என்று பெருமை பேசவில்லை. இதெல்லாம் நமக்கு வேண்டிய அறிவு. இதைத் தூக்கி எறியக் கூடாது.

ஆனா இந்த அறிவு எப்படித் தயாராகுதுன்னு உள்ளே போய்ப் பாத்தேன். அதைச் சொல்றேன்.

எம்.எஸ்.டபிள்யூ. முடிச்சதும் ஒரு மனநல ஆய்வுக்குக் களப்பணியாளரா எடுத்தாங்க. நிறுவனத்தின் பேர் வேண்டாம். மூணு வாரம் பயிற்சி. நல்ல பயிற்சிதான், குறை சொல்ல மாட்டேன். ஒருத்தர்கிட்ட ஒப்புதல் எப்படி வாங்கணும், அவங்க மாட்டேன்னா எப்படி எழுந்து வரணும், தற்கொலை எண்ணம் இருக்கான்னு கூச்சப்படாம எப்படிக் கேக்கணும், சொன்ன விஷயத்தை எப்படி ரகசியமா வச்சுக்கணும், எல்லாம் கத்துக்கிட்டேன். ஒன்பது கேள்வி கொண்ட ஒரு தாள். போன ரெண்டு வாரத்துல தூக்கம் எப்படி, பசி எப்படி, மனசு சோர்வா இருந்துச்சா என்று போகும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மார்க். மொத்தம் 27. எங்க ஆய்வுல 10க்கு மேல வந்தா ஆலோசகர்கிட்ட அனுப்பணும், அதுக்குக் கீழ வந்தா நன்றி சொல்லிட்டு அடுத்த வீடு.

முதல்ல ஊர்த்தெரு. தனி அறையில உக்கார வச்சுக் கேக்கணும்னு பயிற்சிப் புத்தகத்துல இருக்கு. போன வீட்டுலயெல்லாம் மொதல் கேள்வி எனக்குத்தான்: "நீ எந்த ஊரும்மா? அங்க எந்தத் தெரு?" சொன்னதும் மொகம் மாறும். வாசப்படிக்குக் கீழ நிக்க வச்சே பேசினாங்க. நாலு பேர் கேக்குற மாதிரி தெருவுல நின்னு தற்கொலை எண்ணம் உண்டான்னு எப்படிக் கேக்குறது? பல வீட்டுல "அதெல்லாம் எங்க வீட்டுல யாருக்கும் இல்ல"ன்னு அனுப்பிட்டாங்க. தாள்ல ரெண்டு குறியீடுதான்: 1 என்றால் வீடு பூட்டியிருந்தது, 2 என்றால் மறுப்பு. நான் 2 போட்டேன். வீட்டுக்குள்ள விடலைங்கிறதுக்குக் குறியீடு இல்ல. பாருங்க, இதில் அவமானப்பட்டது நான் மட்டுமில்ல. கணக்கும் கெட்டுப்போச்சு. அந்தத் தெருவுல நெசமாவே நோய் குறைவா, இல்ல என் சாதியைக் கேட்டதும் வாய் மூடிக்கிட்டாங்களா? யாராலயும் சொல்ல முடியாது.

அப்புறம் சேரி. அங்க பாய் போட்டு உக்கார வச்சாங்க. ஒரு அம்மா, நாப்பது வயசு இருக்கும். புருஷன் இல்ல. பொறுமையா பதில் சொல்லிக்கிட்டு வந்துச்சு. உங்களை நீங்களே மட்டமா நெனைச்சதுண்டா, எத்தனை நாள் அப்படி இருந்துச்சுன்னு ஒரு கேள்வி. அந்தம்மா என்னை நிமிந்து பாத்து, "நான் எதுக்குக் கண்ணு என்னை மட்டமா நெனைக்கிறேன்? அவங்கதான நெனைக்கிறாங்க. தெனமும் நெனைக்கிறாங்க" என்றது. சொல்லிட்டுக் கண்ணைத் தொடச்சிக்கிச்சு.

என்ன போடுறது? தினமும் என்றால் 3. நான் நெனைக்கலன்னா 0. போன் பண்ணி மேற்பார்வையாளரைக் கேட்டேன். கெட்டவர் இல்ல அவர். "அவங்க நெனைக்கலன்னு சொன்னா 0தான். நீ அர்த்தம் பண்ணக் கூடாது" என்றார். விதிப்படி அது சரி. 0 போட்டேன். கூட்டிப் பாத்தா மொத்தம் 8. 3 போட்டிருந்தா 11. நன்றி சொல்லிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிட்டேன். அஞ்சு மாசம் கழிச்சு அந்தத் தெருவுக்குப் போனப்போ, முன்பணம் வாங்கிக்கிட்டு செங்கல் சூளைக்குப் போயிட்டாங்கன்னு சொன்னாங்க. அப்புறம் அந்தம்மாவை நான் பாக்கவே இல்ல.

நான் போட்ட அந்த சைபரைப் பத்தி ரொம்ப நாள் யோசிச்சேன். தாளைக் கிழிச்சுப் போடுறது பதில் இல்லை. வேற தாள் தயாரிக்கணும். அப்படித் தயாரித்தவர்கள் இருக்கிறார்கள். ஜிம்பாப்வேயில் அந்த மக்களையே கேட்டு, அவர்களுடைய ஷோனா மொழியிலேயே 14 கேள்வி கொண்ட ஒரு தாள் உண்டாக்கினார்கள். 'அதிகமாக யோசிக்கிறது' என்பதுதான் அங்கே அந்த நோய்க்கு மக்கள் வைத்த பெயர். பஸ் காசு இல்லாமல் ஆஸ்பத்திரிக்கு வர முடியாத ஒரு நோயாளி தற்கொலை செய்துகொண்ட பிறகு, டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் அங்கே கிழவிகளுக்குப் பயிற்சி கொடுத்து, சுகாதார நிலையத்துக்கு வெளியே ஒரு பெஞ்சு போட்டு உட்கார வைத்தார். 2016இல் வந்த ஆய்வு முடிவு, அந்த பெஞ்சில் உட்கார்ந்து பேசியவர்களுக்கு நோய்க்குறிகள் நன்றாகவே குறைந்ததைக் காட்டியது. நம்ம சேரியிலும் வார்த்தை இருக்கு. யோசனையா இருக்கு, மனசு வுட்டுப்போச்சு, நெஞ்சுல கல்லு வச்ச மாதிரி இருக்கு என்போம். இதையெல்லாம் சேர்த்து, யார் சொல்றாங்க, எப்பச் சொல்றாங்க, அப்படிச் சொல்றவங்க எத்தனை பேருக்கு நெசமா நோய் இருக்குன்னு சரிபாத்து ஒரு தாள் உண்டாக்குறதுக்குப் பேர்தான் ஆராய்ச்சி. அதைச் செய்ய அந்தப் பாஷை தெரிஞ்ச ஆள் வேணும். அந்த ஆளுக்குப் புள்ளியியலும் தெரிஞ்சிருக்கணும்.

சாதியைக் கேட்டால் வறுமையைச் சொல்லித் தப்பிப்பார்கள். ஏழை என்பதால் சோர்வு, அவ்வளவுதான் என்பார்கள். ஆஷிஷ் குப்தா, டயான் காஃபி இருவரும் 2020இல் வெளியிட்ட ஆய்வு, வசதியையும் படிப்பையும் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் தலித்துகளும் முஸ்லிம்களும் மேல்சாதி இந்துக்களைவிட மோசமான மனநிலையைத் தெரிவிக்கிறார்கள் என்று காட்டியது. சாதியைக் கேட்டு வைத்திருந்த கணக்கெடுப்பு ஒன்று கிடைத்ததால்தான் இதைச் சொல்ல முடிந்தது. கேட்காவிட்டால் தெரியாது. தெரியாததை இல்லை என்று சொல்லிவிடுவார்கள்.

மாணவர்களுக்கு ஒன்று. 2016 ஜனவரி 17இல் ரோஹித் வெமுலா இறந்தபோது அது நிறுவனக் கொலை என்றோம். சரியாகத்தான் சொன்னோம். ஆனா நம்ம விடுதியில பக்கத்து அறையில தூங்காம கெடக்குற தம்பியை நாம போய்ப் பாக்குறோமா? நிறுவனத்தை எதிர்த்துப் போராடுறதும் அவன் பக்கத்துல உக்காருறதும் ஒரே வேலைதான். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் உதவி எண் 14416. காசு கிடையாது, தமிழிலும் பேசலாம். எழுதி வச்சுக்குங்க.

1916இல் கொலம்பியாவில் ஒரு கருத்தரங்க வகுப்பில் சாதியின் தோற்றம் பற்றிக் கட்டுரை வாசித்தபோது அம்பேத்கருக்கு 25 வயது. ஆராய்ச்சி மாணவர். நம்மைப் பற்றி மற்றவர்கள் எழுதியதைப் படித்து, அது ஏன் தப்பு என்று அவர்களுடைய முறையிலேயே நிரூபித்தார். நாம் கேட்க வேண்டியதும் அதுதான்.

முதலாவது, களப்பணிக்கு நம்ம பிள்ளைகளை எடுக்கிறவர்கள் அவர்களுக்குக் கணக்கைப் பகுத்துப் பார்க்கவும் கட்டுரை எழுதவும் கற்றுத்தர வேண்டும். கட்டுரையில் பெயரும் போட வேண்டும். இரண்டாவது, கேள்வி கேட்டவரின் சாதியும், எந்த இடத்தில் வைத்துக் கேட்டார் என்பதும் தாளில் பதிவாக வேண்டும். மூன்றாவது, ஆய்வு முடிவு முதலில் அந்தத் தெருவில் தமிழில் வாசிக்கப்பட வேண்டும். நான்காவது, வேலையைப் பகிர்வது என்ற பேரில் நம்ம பெண்களைத் தொண்டர் என்று சொல்லி ஓசியில் வேலை வாங்கக் கூடாது. ஐந்தாவது, ஆலோசனை மட்டும் போதாது. குஜராத்தின் மெஹ்சானாவில் 'ஆத்மீயதா' திட்டத்தில் ஊர்க்காரர்களே பேச்சுத் துணையாக இருப்பதோடு, அரசு உதவித் திட்டங்களையும் வாங்கித் தருகிறார்கள். முதியோர் பென்ஷனும் நூறு நாள் வேலைக் கூலி பாக்கியும் மனநலச் சேவையில் சேர்ந்ததுதான்.

எங்க அண்ணனுக்கு இப்போ மாத்திரை பக்கத்துலயே கிடைக்குது. ஆடு மேய்க்கிறான். நல்ல நாளும் இருக்கு, கெட்ட நாளும் இருக்கு. என் மகளை அவன்தான் பள்ளிக்கூடத்துல விட்டுட்டு வர்றான்.

அந்தம்மா எந்தச் சூளையில இருக்கோ தெரியாது. அது சொன்ன பதிலை எழுத அந்தத் தாள்ல இடமில்லாம போச்சு. அந்த இடத்தை உண்டாக்குறவங்க இந்தக் கூட்டத்துலருந்து வரணும்.

ஜெய் பீம்.