பிறந்த மண்ணிலேயே அந்நியர்



1948ல் பாலஸ்தீனத்திலிருந்து விரட்டப்பட்டவர்களில் ஒரு பகுதியினர் லெபனானில் ஒதுங்கினார்கள். அவர்களின் பிள்ளைகள் அகதி முகாம்களில் பிறந்தார்கள். பிறந்தது லெபனானில், ஆனால் பெரும்பாலோருக்குக் குடியுரிமை இல்லை.

1975ல் அங்கே மூண்ட உள்நாட்டுப் போர் 15 ஆண்டுகள் நீடித்தது. 1976ல் தல் அல்-ஸஃதர் முகாம் முற்றுகையிடப்பட்டு அழிக்கப்பட்டது. 1982 செப்டம்பரில் சப்ரா, ஷத்தீலாவில் குழந்தைகளும் கொன்று குவிக்கப்பட்டார்கள்.

அந்த நெருப்பிலும் பிள்ளைகள் ஐ.நா. நிவாரணப் பள்ளிகளில் படித்தார்கள். படித்த பின்போ, மருத்துவம், வழக்கறிஞர் தொழில்களுக்குத் தடை!

மதீனத்து அன்சாரிகள் முஹாஜிர்களுக்கு வீட்டிலும் விளைச்சலிலும் பங்கு தந்தார்கள். அகதிக்குக் கூடாரம் மட்டும் போதாது; கல்வியும் பிழைப்புரிமையும் வேண்டும்.

வணிகப் பெருமக்களே! உங்கள் ஊரில் அகதிப் பிள்ளை இருந்தால், எந்தச் சமயத்தவர் என்று பாராமல் படிப்புச் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள். இளைஞர்களே! அந்தப் பிள்ளையை அந்நியன் என்று அழைக்காதீர்கள்.