காஞ்சிமாநதி என்னும் நொய்யல்

(திருக்குட நன்னீராட்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

திருச்சிற்றம்பலம்.



மூர்த்தி, தலம், தீர்த்தம் ஆகிய மூன்றையும் முறையாக வழிபடுதல் நம் சைவ மரபு. இவற்றுள் மூர்த்தியின் சிறப்பையும் தலத்தின் பெருமையையும் எனக்கு முன் பேசிய அறிஞர்கள் விரித்துரைத்தார்கள். எஞ்சிய தீர்த்தத்தைக் குறித்துச் சில சொல்லுமாறு விழாக் குழுவினர் அடியேனைப் பணித்தனர். நம் கோயிலின் தீர்த்தம், கீழ்வாயிலுக்கு எதிரே ஓடும் நொய்யல். புராணங்கள் இதனைக் காஞ்சிமாநதி என்று போற்றும். காஞ்சி என்பது ஆற்றுப்பூவரசு மரம். நொய்போன்ற நுண்மணலை உடைமையால் நொய்யல் எனப்பட்டது என்று கூறுவாரும் உளர்.

இவ்வாறு பிறப்பது கோவைக்கு மேற்கே, தென்கயிலை எனப் போற்றப்பெறும் வெள்ளியங்கிரி மலைத்தொடரில். மலைச்சரிவில் இழியும் பெரியாறும் சின்னாறும் அடிவாரத்துக் கூடுதுறையில் ஒன்றாகின்றன. நீலியாறு முதலிய சிற்றோடைகளும் வந்து கலக்கின்றன. அங்கிருந்து கிழக்கு நோக்கி 160 கிலோமீட்டருக்கு மேல் ஓடி, பேரூர், கோவை, சூலூர், திருப்பூர் ஆகிய ஊர்களைக் கடந்து, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்னும் பெயருடைய ஊரின் அருகே காவிரியை அடைகிறது. இதே மலைத்தொடரின் மறுபுறத்துச் சிறுவாணியோ வேறு வழியே சென்று பவானியில் விழுகிறது. பவானியும் காவிரியையே சேர்கிறது. ஒரு மலையின் நீர் இரு வழியாகப் பிரிந்தும் முடிவில் ஓரிடத்தே கூடுவதனை எண்ணுந்தோறும், நெறிகள் பலவாயினும் சேருமிடம் ஒன்றே என்னும் உண்மை நினைவுக்கு வருகிறது.

இந்த ஆற்றின் இயல்பு வியப்புக்குரியது. தென்மேற்குப் பருவக் காற்று மலைமுகட்டில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கும் மேலாக மழை பொழிகிறது. மலையைத் தாண்டிய கோவைச் சமவெளிக்குக் கிடைப்பதோ ஏறத்தாழ 700 மில்லிமீட்டரே. ஆகவே நொய்யல் ஆண்டு முழுதும் ஓடுவதன்று. சில நாள் பெருகி, பல நாள் மெலிவது. வந்த வெள்ளத்தை ஓடவிட்டால் நாடு வறளும். இதனை உணர்ந்த நம் முன்னோர் ஆற்றின் குறுக்கே சிறு சிறு அணைகளைக் கட்டினர். சித்திரைச்சாவடி அணைக்கட்டு அவற்றுள் முற்பட நிற்பது. அணை நீரை மறிப்பதன்று. வாய்க்காலுக்குத் திருப்பி விடுவது. வாய்க்கால் குளத்தை நிரப்பும். குளம் நிரம்பினால் கலிங்கு வழியே அடுத்த குளத்துக்கோ மீண்டும் ஆற்றுக்கோ நீர் செல்லும். பேரூர்ப் பக்கத்துக் குளங்கள் முதல் உக்கடம் பெரியகுளம், குறிச்சிக்குளம், சிங்காநல்லூர்க்குளம், சூலூர்க்குளம் எனத் தொடரும் இவ்வரிசை கோத்த மணிமாலை போன்றது. குளத்தில் நின்ற நீர் மண்ணுள் இறங்கிச் சுற்றுக் கிணறுகளில் ஊறும். அடியில் தங்கிய வண்டல் வயலுக்கு உரமாகும்.

கரையில் நீர்மருதும் நாவலும் புங்கும் வேரோடி மண்ணைப் பிடித்து நின்றன. குளங்களில் கூழைக்கடாவும் நாரையும் முக்குளிப்பானும் தாழைக்கோழியும் வாழ்கின்றன. விராலும் கெளுத்தியும் அவற்றுக்கு இரை. ஓருயிரை ஊட்டிப் பல்லுயிர் காக்கும் இறைவன் திருக்குறிப்பை ஏட்டில் கற்பதனினும் குளக்கரையில் எளிதிற் கற்கலாம்.

ஆற்றங்கரை வாழ்வு பழமையானது. பதிற்றுப்பத்துப் போற்றும் கொடுமணம், இந்நதியின் வடகரையிலுள்ள கொடுமணல். அங்கு நிகழ்ந்த அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய உலைகளும், அரிய கல்மணிகள் செய்த பட்டறைகளின் எச்சங்களும், தமிழ் எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் கிடைத்தன. பேரூரிலோ, சுந்தரர் வருகையறிந்த பட்டிப்பெருமான் அம்மையோடு உழவராகி வயலில் நாற்று நட்டார் என்பது தலவரலாறு. ஆனித் திங்களில் நாற்று நடவு விழா இன்றும் நடைபெறுகிறது. திருவாவடுதுறை ஆதீனத்துக் கச்சியப்ப முனிவர் பேரூர்ப் புராணம் பாடினார். ஆறின்றி வயலில்லை, வயலின்றி அத்திருவிளையாடலும் இல்லை.

அன்பர்களே! இனிக் கூறுவது மகிழ்ச்சிக்குரியதன்று. எனினும் கூறாதிருத்தல் முறையன்று. நகரங்கள் பெருகக் கழிவுநீர் ஆற்றில் இறங்கியது. சாயப்பட்டறை நீரின் உப்பு கிணறுகளைக் கெடுத்தது. பாசனத்துக்கென 1992-இல் கட்டிமுடித்த ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவே தேங்கியது. கீழ்க்கரை உழவர் அந்நீரை வேண்டா என்றனர். 2011-ஆம் ஆண்டு சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. கழிவை வெளிவிடாது சுத்திகரித்து மீளப் பயன்படுத்தும் முறை அதன் பின்னரே வலுப்பெற்றது.

ஆகமம் நன்னீராட்டுக்கு வகுத்த கிரியைகளை நோக்குங்கள். முதலில் நல்ல நிலத்து மண்ணெடுத்தல். அம்மண்ணைப் பாலிகையில் இட்டு நவதானியம் முளைப்பித்தல். பின்னர்க் கும்பத்தில் நீர் நிறைத்தல். மண்ணும் முளையும் நீரும் தூயனவாயின் அல்லவோ கிரியை நிறைவெய்தும்! இவ்விழாவுக்கு வேண்டிய தீர்த்தத்தை நாம் நம் படித்துறையில் முகக்கவில்லை. முகக்கத்தக்கதாய் அந்நீர் இல்லை. மலையடிவாரத்துக் கூடுதுறையில் முகந்து வண்டியில் கொணர்ந்தோம். நொய்யலின் நீரையே நொய்யற்கரைக்குச் சுமந்து வந்தோம். விமானம் பொன்போல் விளங்க, அதன் தீர்த்தம் மாசுற்றுக் கிடப்பின் திருப்பணி முற்றுப்பெற்றதாகுமா?

ஆயினும் மனந்தளரல் வேண்டா. சித்தாந்தம் என்ன சொல்கிறது? உயிரைப் பற்றிய ஆணவம் செம்பிற் களிம்புபோல் அநாதியே உள்ளது. அநாதியான அம்மலமே திருவருளால் வலி குன்றும் என்கிறோம். ஆற்றின் அழுக்கோ அநாதியன்று. நம் கண்முன் வந்தேறியது. வந்தேறியது நீங்காதோ? நீக்கும் முயற்சி நம்முடையதாயின் அருளும் துணைநிற்கும்.

இத்திருப்பணிக்கு ஈந்தோருள் ஆடைத் தொழிலால் பொருளீட்டிய பெருமக்களும் உளர். அவர்களை வணங்கி வேண்டுகிறேன்: உங்கள் ஆலையை விட்டு வெளியேறும் நீரையும் ஈசனுக்கு ஆட்டும் நீராகவே எண்ணுங்கள். ஊரார் குளத்து வாய்க்காலைத் தூர்வாரிக் கரையில் மருதும் நாவலும் நடுக. கோயிலார் வாடிய மாலையையும் எண்ணெய்த் துணியையும் ஆற்றில் எறியாது உரக்குழியில் இடுக. அட்டமூர்த்தியாகிய பெருமானின் திருமேனிகளுள் நீரும் ஒன்று. அதற்குச் செய்யும் தொண்டு அவனுக்குச் செய்யும் தொண்டே.

பன்னிரண்டாண்டு கழித்து அடுத்த நன்னீராட்டு வரும். அடியேன் அன்று இருப்பேனோ, அறியேன். அன்று கும்பத்து நீரை இப்படித்துறையிலேயே முகப்போம் என்று இன்று உறுதி கொள்ளுங்கள். அதுவே இவ்விழாவின் நிறைந்த பயன்.

வாழ்க அந்தணர், வானவர், ஆனினம், வாழ்க நொய்யல், வாழ்க அடியார் திருக்கூட்டம்.

திருச்சிற்றம்பலம்.