கடல் கடந்த புகழ்

பிறந்த நாட்டிலேதான் ஒருவருக்குப் புகழ் வந்து சேரும் என்னும் நியதி இல்லை. சேர்பியாவிற் பிறந்த உதைபந்தாட்ட வீரர் டெயான் பெற்கோவிச்சின் வாழ்க்கை இதற்குத் தக்க சான்றாகும். இன்று இணையத்தின் வாயிலாக அவருடைய ஆட்டக் காட்சிகளைப் பரப்பிப் போற்றுவோருள் முன்னிற்பவர்கள் பிறேசில் நாட்டு மக்களே ஆவர்.

பெற்கோவிச், 1972ஆம் ஆண்டில், செப்புச் சுரங்கங்கள் உள்ள மைடன்பெக் என்னும் ஊரிற் பிறந்தவர். அவர் ஆட்டத்தில் முதிர்ச்சி எய்திய வேளையிலே யூகோசிலாவியா போரினாற் சிதறியது. 1992இல் ஐக்கிய நாடுகள் சபை விதித்த தடையினால் அந்நாட்டுத் தேசிய அணி சர்வதேச அரங்கினின்றும் விலக்கப்பட்டது. 1995இல் புகழ்பெற்ற றியல் மட்றிட் கழகம் அவரைச் சேர்த்துக் கொண்டது; எனினும் அங்கே விளையாடும் வாய்ப்பு மிக அரிதாகவே கிடைத்தது. 1997இல் அவர் பிறேசிலின் விற்றோரியா கழகத்திற்குச் சென்றார். பிறேசில் வீரர்கள் ஐரோப்பாவை நோக்கிச் செல்லும் காலத்திலே, இவர் எதிர்த்திசையிற் பயணஞ் செய்தார்.

2000ஆம் ஆண்டிலே றியோ நகரின் பிளமெங்கோ கழகத்திற் சேர்ந்தார். மறு ஆண்டு மே மாதம் 27ஆந் திகதி, மரக்கானா அரங்கிலே, வாஸ்கோ ட காமா அணியுடன் மாநிலக் கிண்ணத்துக்கான இறுதியாட்டம் நடைபெற்றது. முதலாட்டத்தில் தோற்றிருந்த பிளமெங்கோ, இரண்டு கோல் வித்தியாசத்தில் வென்றாலன்றிக் கிண்ணம் கிட்டாது. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே எஞ்சியிருந்தன. பிளமெங்கோ இரண்டுக்கு ஒன்று என முன்னணியில் நின்றது. அவ்வேளையிற் கிடைத்த பிறீ கிக்கைப் பெற்கோவிச் உதைத்தார். பந்து தடுப்புச் சுவராய் நின்ற வீரர்களைக் கடந்து வளைந்து, பாய்ந்த கோல் காப்பாளரின் கைக்கு எட்டாமல், கம்பத்தின் மேல் மூலையிற் புகுந்தது. பிளமெங்கோ தொடர்ந்து மூன்றாம் முறையாகக் கிண்ணத்தை வென்றது.

இங்கே கருதத்தக்க உண்மை ஒன்றுண்டு. யூரியூப் தளம் தோன்றியது 2005ஆம் ஆண்டிலேயாகும். ஆகவே அந்தக் கோலை இணையம் புகழ்பெறச் செய்யவில்லை. மக்கள் நெஞ்சில் ஏற்கெனவே பதிந்திருந்ததை இணையம் பேணிக் காத்தது. அன்று பிறந்திராத இளைஞரும் இன்று அக்காட்சியைக் கண்டு மகிழ்கின்றனர்.

ஆயினும் ஒரே உதையினாற் பெற்ற புகழ் நிலைத்தல் அரிது. 2009இல், கழகம் தமக்குத் தரவேண்டியிருந்த பழைய கடனைத் தீர்க்கும் உடன்பாட்டின்படி, பெற்கோவிச் மீண்டும் பிளமெங்கோவுக்கு வந்தார். முப்பத்தாறு வயதினரிடம் பெரிதாக என்ன எதிர்பார்க்கலாம் எனப் பலரும் ஐயுற்றனர். அவரோ மூலையுதையிலிருந்து நேரே கோல் போடும் அருஞ்செயலையும் அப்பருவத்திற் செய்து காட்டினார். 1992இன் பின்னர் முதன்முறையாகப் பிளமெங்கோ தேசியச் சம்பியன் பட்டத்தைப் பெற்றது. 2011இல் அவர் அக்கழகத்தின் உடையிலேயே விடைபெற்றார்.

உலகக் கிண்ணப் போட்டியில் ஆடும் பேறு அவருக்கு ஒருபோதும் வாய்க்கவில்லை. ஆனால் அவ்வுலகக் கிண்ணத்தை ஐந்து முறை வென்ற நாடு, அந்நியரான அவரைத் தன்னவராக ஏற்றுக்கொண்டது. இணையத்திலே பார்வையாளர் தொகை நாள்தோறும் ஏறும், இறங்கும். உழைத்தவரை மறவாத மக்களின் அன்போ அவ்வாறு இறங்குவதில்லை.